அர்ஜுனா விருதுக்கு வீரரே விண்ணப்பம் போட வேண்டுமா?

கோவில்பட்டி மாஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் ஊரில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடுவார்கள், அதனால் என் வேலையில் பாதி சுலபம். போன வாரம் காலைப் பயிற்சி முடிந்து பையன்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “சார், அர்ஜுனா விருது வாங்கணும்னா நல்லா ஆடினா மட்டும் போதுமா?” என்று கேட்டான்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. நன்றாக ஆடவும் வேண்டும், அப்புறம் விண்ணப்பமும் போட வேண்டும் என்பதை அந்த வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

மனு பாக்கர் விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். அந்த டிசம்பரில், அர்ஜுனாவுக்கும் மேலாக நாட்டின் மிக உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை என்று வெளிவந்த பெயர்களில் அவர் பெயர் இல்லை. விண்ணப்பம் வரவில்லை என்று ஒரு பக்கம் பேச்சு, போட்டோமே என்று குடும்பத்தார் ஒரு பக்கம். கடைசியில் அந்தப் பெண்ணே, விண்ணப்பிக்கும்போது தன் பக்கம் ஏதோ பிசகு நடந்திருக்கலாம் என்று எழுதினார். அப்புறம் பெயர் சேர்ந்தது. 2025 ஜனவரி 17-ல் குடியரசுத் தலைவர் மாளிகையில் செஸ் குகேஷ், ஹாக்கி ஹர்மன்பிரீத் சிங், பாரா உயரம் தாண்டுதல் பிரவீன் குமார் ஆகியோரோடு சேர்ந்து விருதை வாங்கினார்.

கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதக்கங்களை நாடே டிவியில் பார்த்தது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும், என்ன கையெழுத்து வேண்டும்? மனு பாக்கருக்கே இந்த நிலை என்றால், டிவியில் வராத விளையாட்டில் ஆடுகிறவர் கதி என்ன? விருது வீரரைத் தேடிப் போக வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சென்னிமலை செல்வி:

மாஸ்டர், அந்த விண்ணப்பத்தை நிரப்பும் அனுபவம் எனக்கு உண்டு. எங்கள் தெருவில் பாரா தடகளத்தில் வெளிநாடு போய்ப் பதக்கம் வாங்கிய தம்பி ஒருவர் இருக்கிறார். எந்த விருது என்பது வேண்டாம், விளையாட்டு விருது ஒன்றுக்கு அவருக்காக நான் விண்ணப்பம் போட்டேன். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். பாதி லாமினேஷன் செய்தவை. ஸ்கேன் செய்தால் நடுவில் வெள்ளையாக ஒளி அடித்து எழுத்தே தெரியவில்லை. பிரவுசிங் சென்டர் பையன் லைட்டை அணைத்துவிட்டு, செல்போனிலேயே படமெடுத்துக் கொடுத்தான்.

அப்புறம் பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, போட்டிச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டுமே! ஆமாம், தங்கம் வாங்கியது யார் என்று கேட்டால் அந்தக் காகிதப்படி அவருடைய அப்பா. கடைசி நாள் சாயங்காலம் ஓடிபி வர வேண்டிய நம்பர் அண்ணனுடையது, அண்ணன் திருப்பூரில் நைட் ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டார். கம்பெனி கேட் வாட்ச்மேனைப் பிடித்துச் சொல்லி அவரை வெளியே கூப்பிட வைத்தோம். இரவு பதினொன்றரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. விருது வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. தம்பி இன்றைக்கும், “அக்கா, அந்த அப்பா பேரு விஷயமா இருக்குமோ?” என்று என்னைக் கேட்கிறார்.

சுண்டாட்டம் ராயபுரம்:

படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்த ஒரு வரி பதிலாவது கட்டாயம் வேண்டும்.

பழைய செயலாளர்:

மாஸ்டர், நீங்கள் சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனால் இதன் மறுபக்கத்தை நான் சொல்லியாக வேண்டும். நான் ஒரு விளையாட்டுச் சங்கத்தில் மாவட்ட அளவில் பதினான்கு வருடம் பொறுப்பில் இருந்தவன்.

முன்பெல்லாம் வீரர் தானாக விண்ணப்பிக்கும் வழியே கிடையாது. தேசிய சங்கமோ வேறு அமைப்போ பரிந்துரைத்தால்தான் பெயர் டெல்லிக்குப் போகும். 2020-ல் கொரோனா சமயத்தில்தான் வீரர்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள், அப்புறம் இணையம் வழியாகவே என்று ஆனது. இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது சங்கத்தின் உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். செயலாளரோடு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிய பையன் பெயர் பட்டியலில் ஏறாது. கேம்ப் சாப்பாடு சரியில்லை என்று கேட்ட பையன் பெயர் ஏறாது. அப்படி ஒரு பையனின் பெயரை விட்டுவிட்டுத் தயாரித்த காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே இருந்தவர் சொன்னார், போட்டேன். அது மாநில அளவிலான விருதுதான். ஆனாலும் அந்தப் பையனின் முகம் எனக்கு மறக்கவில்லை. இப்போது அவர் கூரியர் ஆபீஸில் வேலை செய்கிறார், பார்த்தால் மரியாதையாக “வணக்கம் சார்” என்கிறார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

விருது வீரரைத் தேடிப் போகட்டும் என்கிறீர்கள். யார் தேடுவது? அந்தத் தேடும் வேலையைச் சங்கத்திடம் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கோவில்பட்டி மாஸ்டர்:

செயலாளர் சார், இவ்வளவு திறந்த மனதோடு எழுதியதற்கு நன்றி. நான் சங்கத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஒலிம்பிக், ஆசியப் போட்டி முடிவுகள் எல்லாம் அமைச்சகத்தின் கையிலேயே இருக்கின்றன. பதக்கம் வாங்கியவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் அரசுக்கு அவர்கள் பெயர் தெரியாதா? தகுதிப் பட்டியலை அரசே போட்டு, வீரரிடம் “சரியா, விட்டுப்போனது உண்டா?” என்று கேட்கலாம். கூடவே இப்போதுபோல நேரடி விண்ணப்பமும் இருக்கட்டும். இரண்டு கதவும் திறந்திருந்தால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

ஐகோர்ட் எதிரில்:

கதவு மூடியிருந்தால் கோர்ட் கதவைத் தட்டுகிறார்கள். நான் வக்கீல் தொழிலில் இருப்பவன், குத்துச்சண்டை பார்ப்பவன். மனோஜ் குமார் வழக்கு எனக்கு அத்துப்படி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியவர். 2014-ல் அர்ஜுனா பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியவர் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அவர் அப்படி எதிலும் சிக்கியதே இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் போய்த்தான் அந்த விருது கைக்கு வந்தது. அடுத்த வருடமே லண்டன் பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வெள்ளி வீரர் கிரிஷா, சானியா மிர்சாவுக்குக் கேல் ரத்னா அறிவித்தபோது, புள்ளிக் கணக்கில் தனக்குத்தான் வர வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

புள்ளிக் கணக்கு என்றேன் அல்லவா, அதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடந்த நான்கு ஆண்டு ஆட்டத்தைத்தான் முதன்மையாகப் பார்ப்பார்கள். ஒலிம்பிக், பாராலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஆசியப் போட்டி, காமன்வெல்த் என்று ஒவ்வொன்றிலும் தங்கத்துக்கு இவ்வளவு, வெள்ளிக்கு இவ்வளவு என்று மதிப்பெண். பெரும்பங்கு எடை இதற்கு. மீதியைத் தேர்வுக் குழு தன் மதிப்பீட்டில் போடும். 2018-ல் மல்யுத்தத்தில் பஜ்ரங் புனியாவுக்கும் வினேஷ் போகத்துக்கும் தலா 80 புள்ளி, பளுதூக்குதலில் மீராபாய் சானுவுக்கு 44, விராட் கோலிக்குப் பூஜ்யம். கேல் ரத்னா கிடைத்தது கோலிக்கும் மீராபாய்க்கும். பஜ்ரங் கோர்ட்டுக்குப் போவேன் என்றார், அப்புறம் போகவில்லை. மறு வருடம் அவருக்கும் கிடைத்தது.

திருவல்லிக்கேணி ரசிகன்:

வக்கீல் சார், அந்தப் பூஜ்யத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கோலி ஆடாமல் பூஜ்யம் வாங்கவில்லை. அப்போது கிரிக்கெட்டுக்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. சச்சினுக்கு 1997-98-லும் தோனிக்கு 2007-08-லும் கொடுத்தபோது யாரும் தப்புச் சொல்லவில்லையே. நான் கோலி கட்சி இல்லை, ஆனால் ஆட்டத்தை அட்டவணைக்குள் அடக்கப் பார்த்தால் இப்படித்தான் யாராவது ஒருவர் மனம் நோகும்.

சுண்டாட்டம் ராயபுரம்:

கட்டமே இல்லாத விளையாட்டு என்றால் எங்கள் கேரம் போர்டுதான். வடசென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு. மேலே ஒரு பல்பு தொங்கும், போரிக் பவுடர் வாசனை, சுற்றிலும் கைலி கட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம். நான் அந்தக் கூட்டத்தில் நின்று வளர்ந்தவன். எங்கள் சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1996-ல் அவருக்கு அர்ஜுனா கொடுத்தார்கள். கேரம் ஆடி அர்ஜுனா வாங்கிய முதல் ஆள். அன்றைக்கு எங்கள் மன்றத்தில் கேசரி கிண்டி தெருவுக்கே கொடுத்தோம். அதுவரை “போர்டு ஆடி உருப்படுவியா” என்று திட்டிய என் அப்பா, அந்த வாரம் தானே ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கிவந்து கொடுத்தார்.

ஒரு விருது வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசியப் போட்டியிலும் இல்லை, அப்புறம் எங்கே புள்ளி வரும்? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார், ஆட்டோ ஓட்டுநர் மகள். அந்தத் தங்கத்தை எடைபோட அட்டவணையில் ஒரு வரி இருக்க வேண்டும்.

கறுப்புவெள்ளை 64:

செஸ் ஆட்களுக்கும் அதே கதைதான். 1961-ல் அர்ஜுனா தொடங்கிய முதல் ஆண்டிலேயே மானுவல் ஆரோனுக்குக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர். அதே பட்டியலில் டென்னிஸுக்கு ராமநாதன் கிருஷ்ணன், வாலிபாலுக்கு ஏ. பழனிசாமி. 1991-92-ல் கேல் ரத்னா தொடங்கியபோது முதல் பெயரே விஸ்வநாதன் ஆனந்த்! இப்படி ஆரம்பித்த ஆட்டத்துக்கு, 2013-ல் அபிஜித் குப்தாவுக்குப் பிறகு 2022-ல் பிரக்ஞானந்தாவும் பக்தி குல்கர்னியும் வாங்கும்வரை ஒரு அர்ஜுனாகூட இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் நாட்டில் எத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சங்கத்துக்குள் பிளவும் வழக்கும் ஓடிக்கொண்டிருந்த காலமும் அதில் அடக்கம். பழைய செயலாளர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அப்புறம் நிலைமை மாறியது. 2023-க்கு வைஷாலிக்கு அர்ஜுனா, அவர் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்குப் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது. அடுத்த ஆண்டு குகேஷுக்குக் கேல் ரத்னா.

ஈப்போ மணியம்:

வணக்கம், நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டிலும் தேசிய விளையாட்டு விருது உண்டு, 1966-ல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் சிறந்த வீரர் டாக்டர் எம். ஜெகதீசன், சிறந்த வீராங்கனை எம். இராஜாமணி. இரண்டு பேருமே நம் ஆட்கள். அந்த வருடம் பேங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம், இராஜாமணி 400 மீட்டரில் தங்கம். இராஜாமணி எங்கள் பேராக் மாநிலத் தாப்பாக்காரர். என் அம்மா தன் காலத்துப் பெண்கள் எல்லோரும் இராஜாமணி மாதிரி இரட்டைப் பின்னல் போட்டு ஓடிப் பழகியதைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டார். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை உடைக்க 2017 வரை ஆள் வரவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. எங்கள் விருதில் வீரர், வீராங்கனை தவிர சிறந்த அணிக்கென்று தனியாக ஒரு பிரிவு உண்டு. இந்தியாவில் அணிக்கு என்ன விருது கொடுக்கிறார்கள், அண்ணே?

கோவில்பட்டி மாஸ்டர்:

மணியம் அண்ணே, சரியான இடத்தில் கைவைத்தீர்கள். அணிக்கு என்று இங்கே தேசிய விருது இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை இருக்கிறது, விளையாட்டை வளர்க்கும் அமைப்புகளுக்கு ஒன்று இருக்கிறது. ஆடி ஜெயித்த அணிக்கு இல்லை.

டோக்கியோவில் ஹாக்கி வெண்கலம் வந்ததே, ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து, 41 வருடத்துக்கு அப்புறம். எங்கள் ஊரே அன்று காலையில் பட்டாசு வெடித்தது. முன்னால் பதக்கம் வந்தது 1980 மாஸ்கோவில், அந்த அணிக்குக் கேப்டன் நம் பாஸ்கரன். 2021 விருதில் என்ன செய்தார்கள்? ஸ்ரீஜேஷுக்கும் மன்பிரீத்துக்கும் கேல் ரத்னா. அணியில் ஏற்கெனவே அர்ஜுனா வாங்காதவர்களுக்கு எல்லாம் அர்ஜுனா. அதனால்தான் அந்த ஆண்டு அர்ஜுனா எண்ணிக்கை 35 வரை போனது, கேல் ரத்னா 12. மனம் நிறைந்த செயல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே டோக்கியோவில் நான்காவதாக வந்த பெண்கள் அணியில் வந்தனா கட்டாரியாவுக்கும் மோனிகாவுக்கும்தான் அந்த வருடம் அர்ஜுனா. முன்பே வாங்கியிருந்த சிலரைத் தவிர மற்றப் பெண்களுக்கு? அந்த நான்காம் இடம் பதினாறு பேர் சேர்ந்து கட்டிய வீடு. அதில் இரண்டு செங்கலை மட்டும் எடுத்து மாலை போட்டால் எப்படி?

2024-ல் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் தங்கம். அப்படிப்பட்ட வருடத்துக்கு “இந்த ஆண்டின் அணி” என்று ஒரு கேடயம் இருந்திருந்தால், பத்துப் பேரும் ஒரே மேடையில் நின்றிருப்பார்கள். ஹாக்கியில் பந்தைத் தடுத்துக் கொடுக்கிறவன் பெயர் ஸ்கோரில் வராது. என் பையன்களில் பாதிப் பேர் அப்படித் தடுக்கிறவர்கள்தான். அவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு விருது இல்லை.

கறுப்புவெள்ளை 64:

மாஸ்டர், ஒரு ஓட்டு என்னுடையது. ஒலிம்பியாடில் நான்காவது போர்டில் டிரா செய்து அணியைக் காப்பாற்றுகிறவரும் அப்படித்தான், யாருக்கும் பெயர் நினைவிருக்காது.

மதுரை மீனா:

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேட்மின்டன் ஆடுகிறான், வயது பதிமூன்று. எங்கள் மதுரை ஜெர்லின் அனிகாவுக்கு 2022-ல் அர்ஜுனா கொடுத்தார்கள். பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய பெண். விருது வாங்கும் வீடியோவை என் மகன் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பான் என்று எனக்கே தெரியாது. அவனுக்குக் கைதட்டல் கேட்காது, எழுந்து நிற்கிறவர்களைத்தான் பார்ப்பான். “எல்லாரும் பாக்கறாங்க” என்று சைகையில் சொல்வான்.

2024 பட்டியலில் 32 அர்ஜுனாவில் 17 பேர் பாரா வீரர்கள். துளசிமதி, நித்யஸ்ரீ, மனிஷா என்று நம் மாநிலத்துப் பெண்கள் மூன்று பேர், மூவருமே பாரிஸில் பேட்மின்டன் பதக்கம் வாங்கியவர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். விண்ணப்பம், கோர்ட் என்று நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்த விருதுகள் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்துசேர ஆரம்பித்திருக்கின்றன என்பதையும் சொல்லத் தோன்றியது.

சென்னிமலை செல்வி:

மீனா அக்கா, நல்லவேளை எழுதினீர்கள். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் போனது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார். ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், 2017-ல் அர்ஜுனா, 2020-ல் கேல் ரத்னா. அதற்கு அப்புறமும் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று தாண்டிக்கொண்டே இருக்கிறார்.

ஐகோர்ட் எதிரில்:

மீனா அம்மா சொன்னதோடு முரளிகாந்த் பெட்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணுவ வீரர். 1965 போரில் குண்டடிபட்டு நடக்க முடியாமல் போனவர். 1972-ல் ஜெர்மனி ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான். அர்ஜுனா வாழ்நாள் விருது அவருக்குக் கிடைத்தது 2025 ஜனவரியில், எண்பது வயதில். ஊன்றுகோலோடு அவர் வந்ததைப் பார்த்து அரங்கமே எழுந்து கைதட்டியது, குடியரசுத் தலைவர் தானே அருகே போய்க் கொடுத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. 52 வருடம்! மில்கா சிங்குக்கும் 2001-ல்தான் அர்ஜுனா கொடுக்க முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியது 1960-ல், விருதே தொடங்கியது 1961-ல்.

பழைய செயலாளர்:

மறுத்தவர் ஒரு பக்கம், திருப்பிக் கொடுத்தவர் ஒரு பக்கம். 2023 டிசம்பரில் வினேஷ் போகத் தன் கேல் ரத்னாவையும் அர்ஜுனாவையும் டெல்லி கர்தவ்ய பாதையில் நடைபாதையிலேயே வைத்துவிட்டுப் போனார். மல்யுத்தச் சங்கத் தலைவராக இருந்தவர்மீது பாலியல் புகார் கொடுத்த வீராங்கனைகளுக்கு நீதி கேட்டு. போலீஸ் தடுப்புக்கு முன்னால் அந்த விருதுகள் இருந்த படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தரையில் வைக்க ஒரு வீராங்கனைக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும். சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அது என்னைப் பார்த்து வைத்ததுபோல இருந்தது.

திருவல்லிக்கேணி ரசிகன்:

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. கேல் ரத்னாவுக்கு ஏழரை லட்சமாக இருந்ததை 2020-ல் 25 லட்சம் ஆக்கினார்கள், அர்ஜுனா ஐந்திலிருந்து 15 லட்சம். ரயில் பாஸும் உண்டு. கோலிக்கு 25 லட்சம் ஒரு பொருட்டில்லை. கபடி ஆடும் பெண்ணுக்கு அது ஒரு வீடு. இதை யோசித்தால் மாஸ்டர் சொல்லும் பட்டியல் முறை இன்னும் அவசியம் என்றுதான் தோன்றுகிறது. நான் கிரிக்கெட் ஆள், ஆனாலும் சொல்கிறேன்.

சுண்டாட்டம் ராயபுரம்:

ஒரு வீரரின் முதல் கோச்சைப் பற்றியும் யாராவது பேசுங்களேன். 1985-ல் துரோணாச்சாரியார் தொடங்கியபோது பி.டி. உஷாவின் பயிற்சியாளர் நம்பியாருக்குக் கொடுத்தார்கள். சின்னப் பெண்ணாக இருந்த உஷாவைக் கண்டுபிடித்து வளர்த்தவர் அவர். அதுதான் சரியான தொடக்கம். அதுபோல தெருவில் இருந்து பிள்ளையைப் பிடித்து வருகிற பி.டி. மாஸ்டருக்கு ஏதாவது உண்டா?

கோவில்பட்டி மாஸ்டர்:

ராயபுரம் தம்பி, எங்களுக்கு வேண்டாம். எங்கள் ஊர் ஹாக்கி விடுதியில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு ஆடினார்கள், வெண்கலத்தோடு வந்தார்கள். அன்றைக்கு ஊரில் ஒவ்வொரு டீக்கடையிலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்களுக்கு நான் நேரடியாகச் சொல்லிக்கொடுத்தவன்கூட இல்லை. அதே மைதானத்து ஆள் என்பதற்கே அந்த மரியாதை.

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, “நல்லா ஆடறது உன் வேலை, காகிதம் என் வேலை” என்றேன். சொன்ன கையோடு இன்று ஒரு வேலை ஆரம்பித்தேன். பிள்ளைக்கு ஒரு கோப்பு. பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடி பெயர், அப்பா பெயர், இனிஷியல் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தேன். முப்பத்தியொரு பேரில் பன்னிரண்டு பேருக்கு இல்லை! செல்வி தங்கை எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் எனக்கு இது உறைத்தே இருக்காது. இனி எந்தச் சான்றிதழையும் லாமினேஷன் செய்ய விடப்போவதில்லை.

சென்னிமலை செல்வி:

மாஸ்டர், அந்தப் பெயர்த் திருத்தத்தைப் பத்தாம் வகுப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அலைச்சல். ஸ்கேன் செய்ய ஆள் வேண்டுமென்றால் என்னிடம் அனுப்புங்கள், வீட்டில் மிஷின் வாங்கிவிட்டேன்.

ஐகோர்ட் எதிரில்:

கெசட்டில் பெயர் மாற்றும் விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் நான் இலவசமாக எழுதித் தருகிறேன். பன்னிரண்டு பேர் விவரமும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம்.

மதுரை மீனா:

வக்கீல் சார், என் மகன் சான்றிதழிலும் இனிஷியல் மாறித்தான் இருக்கிறது. நானும் அனுப்பலாமா?

ஐகோர்ட் எதிரில்:

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல் ஒன்றும் கூட வையுங்கள்.

பழைய செயலாளர்:

எனக்கும் ஒரு வேலை கொடுங்கள். எந்தப் போட்டிச் சான்றிதழ் எந்தச் சங்கத்தில் கையெழுத்தாக வேண்டும், யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூரியர் ஆபீஸ் தம்பியை நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன். அவருடைய பழைய சான்றிதழ்கள் இன்னும் அவரிடம் இருக்கின்றனவா என்று முதலில் கேட்க வேண்டும்.